எந்தப் பள்ளி பெரிசு?

பிள்ளைகளை இங்கிலாந்திலுள்ள விடுதிப் பள்ளிகளில் சேர்த்துவிடுவது என் தொழில். கலியாணத் தரகு மாதிரித்தான், ஆனால் இங்கே பொருத்தம் பார்ப்பது பிள்ளைக்கும் பள்ளிக்கும் அல்ல, அப்பாவுக்கும் பள்ளிக்கும். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே என் அலுவலகம். கொண்டாட்ட வீட்டில் ‘மகள் எங்கே படிக்கிறா?’ என்று யாராவது கேட்டு, நீங்கள் பதில் சொல்லமுன் ஒருக்கால் தொண்டையைச் செருமியிருந்தால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

மேசை

சென்ற வருடம் ஹொட்டேல் மண்டபமொன்றில் பள்ளிகளின் கண்காட்சி நடத்தினேன், பள்ளிக்கொரு மேசை. இங்கிலாந்திலிருந்து வந்த பள்ளிகளில் இரண்டு, பரம்பரைப் போட்டிக்காரர். ஒன்றில் பெரிய மணிக்கோபுரம் உண்டு, மற்றது ஆற்றங்கரையில். பெயர் எதற்கு, கோபுரம், ஆறு என்றே வைத்துக்கொள்வோம். இருவரும் ஒருவர் பெயரை ஒருவர் வாயால் சொல்லமாட்டார்கள். ‘அந்த இடம்’ என்பார்கள்.

இவ்வளவு படித்த மனிதர்களுக்குள் அப்படி என்னதான் பகை என்று எனக்கு அறிய ஆசை. கோபுரத்திலிருந்து வந்தவரிடம் கேட்டேவிட்டேன். அவர் புன்னகைத்தார். “நாங்கள் யாரோடும் போட்டி போடுவதில்லை, அம்மணி. அது கிடக்கட்டும், அவர்களுடைய மேசை எங்களுடையதைவிட நீளமா?”

குகன் அண்ணை

அந்தக் கண்காட்சிக்கு மகள் அபியோடு வந்தவர் குகன் அண்ணை. பிறம்ரன் நகரில் லொறிக் கம்பனி வைத்திருக்கிறார். அவருடைய சகலன் நேசன், அதாவது மனைவியின் அக்கா புருஷன், தன் மகள் மிதுவைக் கோபுரத்தில் சேர்த்திருந்தார். அன்றிலிருந்து குகன் அண்ணைக்கு நித்திரை இல்லை.

“தங்கச்சி, எது பெரிசு?” என்றார். படிப்பிலா, விளையாட்டிலா, இசையிலா என்று நானும் விளக்கமாகக் கேட்டேன். மனிதர் என்னை ஒரு விதமாகப் பார்த்தார். “உது ஒண்டும் வேண்டாம். நேசன்ர மகள் படிக்கிறதைவிடப் பெரிசு எது எண்டு சொல்லுங்கோ.”

ஒத்திகை

ஆறுதான் பெரிசு என்று குகன் அண்ணை முடிவுகட்டிவிட்டார். அந்தப் பள்ளியின் நேர்முகத் தேர்வுக்கு அபியைத் தயார்படுத்தினேன். அப்பா சொல்லிக்கொடுத்ததை, பள்ளியின் பாரம்பரியம் அது இது என்று, மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். உனக்கு உண்மையில் என்ன விருப்பம் என்று கேட்டதும் கண் கலங்கிவிட்டது. மிதுவும் அவளும் சின்னனிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்கள். போனால் மிது அக்கா இருக்கிற பள்ளி, இல்லாவிட்டால் வீடு. தெரியாத தேசத்தில் தனியே இருக்கப் பயம்.

எனக்கு மனம் கேட்கவில்லை. இரண்டு பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் விட்டால் என்ன என்று குகன் அண்ணையிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டேன். அவர் எழும்பியே விட்டார். “ஓம், பிறகு சகலன் செய்ததைப் பார்த்து நானும் செய்தன் எண்டு ஊரெல்லாம் கதைக்கட்டும்!”

நேர்முகம்

தேர்வு என் அலுவலகக் கணினியில்தான் நடந்தது. ஆற்றுப் பள்ளித் தலைமையாசிரியை, ஏன் எங்கள் பள்ளியைத் தேர்ந்தாய் என்று கேட்டார். அபி பாரம்பரியத்தைத் தொடங்கினாள், பாதியில் நிறுத்தினாள். “என் பெரியப்பாவின் மகள் மற்றப் பள்ளியில் படிக்கிறா. அப்பாவுக்கு அதைவிடப் பெரிய பள்ளி வேணுமாம்,” என்று ஆங்கிலத்தில் பட்டென்று சொல்லிவிட்டாள். எல்லாம் போச்சு என்று நான் தலையில் கைவைத்தேன்.

அந்த அம்மாவோ கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அபிக்கு இடமும் கொடுத்தார். பாவம், அவளுக்கு அது நல்ல சேதியே இல்லை. அன்று அவர் சொன்னது இது: “இங்கே வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் இதற்காகத்தான் வருகிறார்கள். வாய்விட்டுச் சொன்னது நீ ஒருத்திதான்.”

சகலன்

சில வாரம் கழித்து நேசன் அண்ணை வந்தார். மிதுவைக் கோபுரத்திலிருந்து ஆற்றுக்கு மாற்ற வேண்டுமாம். கோபுரத்தில் என்ன குறை? ஒரு குறையும் இல்லை. படிப்பு நன்று, சாப்பாடும் பரவாயில்லை. பிறகேன் என்று துருவினேன். மனிதர் மழுப்பிக்கொண்டே இருந்தார். மிது தேர்வெழுதினாள், இடமும் கிடைத்தது. செப்ரெம்பரில் இருவரும் ஒன்றாகப் போவதென்று முடிவாயிற்று.

புறப்பட முன் அபி ஒரு பெட்டி லட்டோடு வந்தாள், முகமெல்லாம் பல். பெரியப்பாவுக்கு என்னதான் நடந்தது, உனக்கு ஏதும் தெரியுமா என்று கேட்டேன். ஒன்றும் அறியாதவள்போல் முகத்தை வைத்துக்கொண்டாள். “நான் பொய் ஒண்டும் சொல்லேல்லை, அன்ரி. ‘கவலைப்படாதேங்கோ பெரியப்பா, மிது அக்கான்ர ஸ்கூலும் ஓகேதான்’ எண்டு காணுற நேரமெல்லாம் ஆறுதல் சொன்னனான், தட்ஸ் ஓல்.”

இத்தனை வருடமாக அப்பாமாரைச் சமாளிக்கத் தெரியாமல் நான் தலைவலி மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிறேன், அந்தப் பெட்டை ஆறுதல் சொல்லியே காரியத்தை முடித்துவிட்டாள்.