ரோமாபுரிச் சண்டையில் நிச்சயமான கல்யாணம்

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து என் வயிற்றில் பிறந்தவை, இரண்டு என் நாத்தனார் விட்டுப்போனவை. ஏழில் ஒன்றுக்குக் கூடுதலாகச் சோறு வைத்தேன் என்று சொல்பவர் யாராவது இருந்தால் என் முன்னால் வந்து சொல்லட்டும். இரண்டாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அதனால் என் எழுத்து பெரிதாக இருக்கும், அங்கங்கே பிழையும் இருக்கும். ஆனால் ரோமாபுரியில் ஒரு வக்கீலும் ஒரு பிரபுவும் போட்ட சண்டையைப் பற்றி என்னைக் கேளுங்கள், முழுக்கச் சொல்வேன். அந்தச் சண்டையில்தான் என் கல்யாணம் நிச்சயமானது.

அப்போது ரங்கூனில் புசுண்டான் ஓடைக்குப் பக்கத்தில் மாடியில் இரண்டு அறை எடுத்து வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அண்ணன் சாமியார் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்து, அரிசி மில் ஆபீசில் சேர்ந்திருந்தான். படிப்பு முடிந்தாலும் பள்ளிக்கூடத்தை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அங்கே தூங்குமூஞ்சி மரத்தடியில் பேச்சுச் சங்கம் கூடும். லத்தீன் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரச் சாமியார்தான் அதற்குத் தலைவர். அவருக்குத் தமிழும் நன்றாக வரும்.

சங்கத்தில் அண்ணனுக்குச் சமமாகப் பேச ஒரே ஒருவர்தான் இருந்தார். ரயில்வே ஆபீசில் வேலை. அண்ணன் சரி என்றால் அவர் தப்பு என்பார். அவர் கிழக்கு என்றால் அண்ணன் மேற்கு என்பான். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து, பர்மாக்காரர்கள் ஊறவைத்துத் தின்கிற தேயிலை லாப்பேயைத் தின்றுகொண்டு கேட்பார்கள். அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, இங்கே எழுதவும் மாட்டேன். பிறகு என்னைக் கட்டியவர் அவர்தான்.

அந்த வருஷம் மழை விட்டதும் அவருடைய அம்மா என்னைப் பார்க்க வந்தார். தேக்கில் கட்டிய சொந்த வீடு அவர்களுக்கு. எங்கள் படி ஏறி வந்தவர் மூச்சு வாங்க உட்கார்ந்து, சுவரையும் கூரையையும் பார்த்துவிட்டு, "வாடகையா?" என்று கேட்டார். அம்மா ஆமாம் என்றாள். "பொண்ணு நல்லாத்தான் இருக்கா. யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்து போனார். யோசித்தார், யோசித்தார், யோசித்துக்கொண்டே இருந்தார். எனக்கோ அவர் மகனைப் பிடித்திருந்தது. பூசைக்கு வரும்போது பார்த்திருக்கிறேன். நிமிர்ந்து நடப்பார், செருப்புச் சத்தம் கேட்காது. அதை யாரிடம் போய்ச் சொல்வது? கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுச் சும்மா இருந்தேன்.

இந்த நேரத்தில் பள்ளிக்கூடத்துப் பரிசு விழா வந்தது. லத்தீனில் இருந்த அந்த ரோமாபுரிப் பேச்சை அண்ணன் தமிழாக்கி மேடையில் பேச வேண்டும் என்று சாமியார் சொல்லிவிட்டார். கதை இதுதான். சாதாரணக் குடும்பத்தில் பிறந்த ஒரு வக்கீல், பேசியே பெரிய ஆளாகி, ஓட்டு வாங்கிக் கான்சல், அதாவது ஊருக்கே தலைவர், ஆகிவிட்டார். அவரோடு போட்டி போட்டுத் தோற்ற பிரபு, ஊரைக் கொளுத்த ரகசியமாக ஆள் சேர்க்கிறான். சபையில் எல்லாருக்கும் முன்னால் வக்கீல் அவனைப் பார்த்து, உன் குட்டு வெளிப்பட்டுவிட்டது, ஊரை விட்டுப் போ என்கிறார்.

அப்பாவுக்குக் கான்சல் என்ற சொல்தான் பிடிபடவில்லை. ஆற்றோரத்தில் கொடி பறக்கும் கட்டடத்தில் உட்கார்ந்து கப்பல் காகிதத்துக்கு முத்திரை போடுகிற கான்சலைத்தான் அவருக்குத் தெரியும்.

"அவங்க ஊர்ல ஒரே நேரத்துல ரெண்டு கான்சல்பா" என்றான் அண்ணன்.

"ரெண்டா? அப்ப முத்திரை எவன்கிட்ட இருக்கும்?"

"முத்திரையெல்லாம் இல்லப்பா."

"முத்திரை இல்லாத கான்சலுக்கா இவ்வளவு அடிதடி" என்று சொல்லிவிட்டு அப்பா சுருட்டைப் பற்றவைத்தார்.

ஒத்திகைக்கு ஆள் வேண்டுமே. அண்ணன் என்னைத் தகரப்பெட்டி மேல் உட்காரவைத்து, நான்தான் அந்தப் பிரபு என்று நினைத்துக்கொண்டு தினமும் திட்டினான். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே திட்டு வாங்கினேன். அப்படித்தான் அந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம் ஆயிற்று.

ஒருநாள் அம்மா கேட்டாள். "மேடையில அந்தக் கெட்டவனா யாரு உக்காரப்போறா?"

அண்ணன் சிரித்தான். மற்ற வேஷங்களுக்குச் சீட்டுப் போட்டார்களாம். பிரபு வேஷம் அந்த ரயில்வே ஆபீஸ்காரருக்கு விழுந்தது.

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "மாப்பிள்ளையா வரப்போறவனை ஊரே பாக்க 'நீ'ம்பியா? கொள்ளி வைக்கிறவன்னு சொல்லுவியா? அவங்கம்மா முன்வரிசையில உக்காந்திருப்பா."

"நான் எங்கம்மா சொல்றேன்? ரோமாபுரிக்காரன் சொல்றான்."

"ரோமாபுரிக்காரனா வந்து உன் தங்கச்சியைக் கட்டப்போறான்?"

"லத்தீன்ல யாரா இருந்தாலும் 'நீ'தாம்மா. 'நீங்க'ங்கிறதே கிடையாது."

"அதான் அந்த ஊர்ல வெட்டுக்குத்து."

ஒரு சொல் மாறினாலும் பரிசு கிடையாது என்று சாமியார் சொல்லியிருந்தாராம். அண்ணன் அந்தப் பரிசுக்காக இரண்டு வருஷமாகக் காத்திருந்தான், அதனால் முடியாது என்றான். இன்னொன்றும் சொன்னான். கடைசியில் பிரபு எழுந்து ஒரே ஒரு வாக்கியம் பேசுவானாம். வக்கீலைப் பார்த்து, நீ இந்த ஊரில் வாடகைக்கு இருக்கிறவன்தானே, நீயா என்னைப் போகச் சொல்வது என்பானாம்.

அதைக் கேட்டதும் அம்மா உட்கார்ந்துவிட்டாள். இங்கிருந்து 'நீ' போனால் அவர்கள் வீட்டில் சம்பந்தம் முறியும். அங்கிருந்து 'வாடகை' வந்தால் எங்கள் அப்பா முறிப்பார். இரண்டு பேர் வாயிலும் என் கல்யாணம் மாட்டிக்கொண்டிருந்தது.

விழா அன்று மண்டபத்தில் பெண்களுக்கு இடது பக்கம் பெஞ்சு போட்டிருந்தார்கள். அவருடைய அம்மா வெற்றிலைப் பெட்டியோடு முன்வரிசையில் இருந்தார். பின்வரிசையில் அம்மாவும் நானும். ரோமாபுரி உடுப்புக்காக எல்லாரும் வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். சபையில் பிரபு வந்து உட்கார்ந்ததும், பக்கத்தில் இருக்கிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தள்ளிப் போய்விட வேண்டும். அப்படியே போனார்கள். நீளப் பெஞ்சில் அவர் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"ஏன் எல்லாரும் எந்திரிச்சுப் போறானுங்க? எம்புள்ளைக்கு என்ன அம்மையா போட்டிருக்கு?" என்று அவருடைய அம்மா பக்கத்துப் பெண்ணைக் கேட்டார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

அண்ணன் முன்னால் வந்து கையை நீட்டினான். முதல் சொல் எனக்குத் தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நீங்கள்" என்றான்.

கண்ணைத் திறந்தேன். சாமியார் காகிதத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் நிறுத்தவில்லை. நீங்கள் ஊரைக் கொளுத்த ஆள் சேர்க்கிறீர்கள் என்றான். உங்கள் ரகசியம் சுவருக்கெல்லாம் தெரிந்துவிட்டது, தாங்கள் தயவுசெய்து புறப்பட வேண்டும் என்றான். தகரப்பெட்டி மேல் நான் வாங்கிய அத்தனை 'நீ'யும் அங்கே 'நீங்கள்' ஆயின. குரல் மட்டும் அதே இடிதான். ஆண்கள் பக்கம் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. சாமியார் காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க மகனைத்தான் திட்டுறான்" என்றாள் பக்கத்துப் பெண்.

"வாங்க போங்கன்னுதானே பேசுறான்" என்று சொல்லிவிட்டு அவருடைய அம்மா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினார்.

இனி அவருடைய முறை. எழுந்து நின்றார். விரிப்பைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்பா உட்கார்ந்திருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, "சரி மச்சான். நீங்க போகச் சொன்னா போயிடுறேன்" என்றார்.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் அந்தச் சொல்லை விளையாட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். பெண் எடுத்தவனும் பெண் கொடுத்தவனும்தான் சொல்வார்கள். மண்டபத்தில் எழுந்த சிரிப்பு புசுண்டான் ஓடை வரைக்கும் கேட்டிருக்கும். அவர் விரிப்பு தரையில் இழுபட, பக்கத்துக் கதவு வழியாக ஊரை விட்டுப் போனார்.

அவருடைய அம்மா மெதுவாகப் பின்னால் திரும்பினார். முதலில் என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, ரெண்டு பயலுங்களும் முன்னாடியே பேசி வச்சுக்கிட்டானுங்களா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது சம்பந்தி" என்றாள் அம்மா. என் கையை அப்போதுதான் விட்டாள்.

பரிசு வேறு ஒருவனுக்குப் போயிற்று. பாஸ்கா திருநாள் முடிந்து எங்கள் கல்யாணம் நடந்தது, அந்தச் சாமியார்தான் பூசை வைத்தார். பிறகு ஒருநாள் நான் என் வீட்டுக்காரரைக் கேட்டேன், பேசி வைத்துக்கொண்டதுதானா என்று. "இல்ல. உங்கண்ணன் 'நீங்க'ன்னதுக்கு அப்புறம் 'வாடகை'ங்கிறது வாயில வரல" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதற்காக அவர்கள் சண்டையை விட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அண்ணன் ரங்கூனிலேயே திங்கன்ஜூன் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போன பிறகும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்து, அன்றைக்கு ஜெயித்தது தான்தான் என்பான். ஊரை விட்டுப் போனவர் எப்படி ஜெயித்தவர் ஆவார் என்று கேட்பான். "போனேன், உங்க வீட்டுப் பொண்ணையும் கூட்டிக்கிட்டுல்ல போனேன் மச்சான்" என்பார் அவர். நான் கறிக் குழம்பைக் கொண்டுவந்து நடுவில் வைப்பேன். இரண்டு பேரும் அதற்குப் பிறகுதான் வாயை மூடுவார்கள்.

விரல் வலிக்கிறது, நிறுத்துகிறேன். பேத்தி, தலை சீவினது போதும், இங்கே வந்து உட்கார். இதை முதலிலிருந்து சத்தமாக வாசி. உங்கள் தாத்தா பேசுகிற இடத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாக வாசி, நான் கேட்க வேண்டும்.