ஐந்தாவது வாக்கு

செய்தி வந்தபோது மாலை ஐந்து நாற்பது. வெர்னெல் பெட்டவே தன் வீட்டுச் சமையலறையில் நின்றபடி என் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் முடிந்திருந்தது. இடப்பக்கத்துக்கு வகிடு எடுத்தவள், சீப்பை என் முடியிலேயே செருகிவிட்டுப் போனை எடுத்தாள். மரண தண்டனைக் கைதியான அவள் தம்பி கோர்டெலின் வக்கீல் ஸ்டாக்வெல் பேசினார். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"வாஷிங்டன்ல தடைய எடுத்துட்டாங்க வெர்னெல். ஆறு மணிக்கு மேல எப்ப வேணா நடக்கும். உடனே கிளம்பு."

சிறை ஒன்றரை மணி நேரப் பயணம்.

வெர்னெல் என் பெரியம்மா மகள். இத்தனை வருடங்கள் கழித்து, போன செவ்வாய்க்கிழமை இறந்துபோனாள். சர்ச்சில் அவளைப் பற்றிப் பேசியவர்கள் அவள் பொறுமையைப் புகழ்ந்தார்கள். அவளுக்குப் பொறுமை இருந்ததே இல்லை. கைகள்தான் இருந்தன. பதினான்கு வயதில், அவள் அப்பா கோர்டெலைப் பெல்ட் கொக்கியால் காது கிழிய அடித்துக்கொண்டிருந்தபோது, அடுப்பிலிருந்த இரும்பு வாணலியை எடுத்து அவர் தாடையில் வீசினாள். பல் சோளக்கஞ்சியில் விழுந்தது. அன்றிலிருந்து அவள் இருக்கும் அறையில் அவர் மகனைத் தொடவில்லை. அவள் இல்லாதபோது தொட்டார். அதே கைகளால்தான் பிறகு எங்கள் கவுண்டியின் பாதிப் பெண்களுக்கு முடி பின்னிப் பிழைத்தாள்.

இருபத்திரண்டு வயதில் கோர்டெல் துப்பாக்கியோடு ஒரு மதுக்கடைக்குள் நுழைந்தான். கடைக்காரர் ஹோப்குட் கல்லாவைத் திறந்து கொடுத்தார். அப்படியும் சுட்டான். முதல் குண்டு கழுத்தில். அவர் தரையில் ஊர்ந்து போனை நோக்கிப் போனபோது முதுகில் இன்னொன்று. வழக்கு நடந்தபோது அந்தப் படங்களைக் காட்டினார்கள். வெர்னெல் ஒன்றைக்கூடப் பார்க்காமல் விடவில்லை. ஹோப்குட்டின் மனைவி அலறியபோதும் தலை குனியவில்லை.

"அவன்தான் செஞ்சான். ஜெயில்லயே கிழவனாகட்டும். கொல்லாதீங்க, அவ்ளோதான்" என்றாள்.

ஜூரியும் அதையேதான் சொன்னது: ஆயுள் தண்டனை. நீதிபதிக்குத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜூரியின் முடிவைத் தள்ளிவிட்டு மரணம் என்று எழுதினார். அப்போது எங்கள் மாநிலத்தில் நீதிபதிக்கு அந்த அதிகாரம் இருந்தது. அது அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை என்று வாஷிங்டனின் ஒன்பது பேர் கொண்ட உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லியிருந்தது. பல வருடங்கள் கழித்து மாநிலம் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டது, ஆனால் இனி வருகிறவர்களுக்கு மட்டும். இன்று விதிக்க முடியாத மரணத்தை நேற்று விதித்ததற்காக நிறைவேற்றலாமா என்பதுதான் கோர்டெலின் கடைசி வழக்கு.

போன் வந்த அந்த வியாழக்கிழமை மதியம் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை விதித்தது. நாங்கள் பார்வையாளர் அறையில் அவனோடு இருந்தோம். காவலர் வந்து சொன்னதும் கோர்டெல் முதலில் கேட்டது கடைசிச் சாப்பாட்டைப் பற்றி.

"அப்ப என் பொரிச்ச கெளுத்தி மீனு? சொல்லி வெச்சிருந்தேனே சார்! உயிரோட இருந்தா மீன் கிடையாதா?"

"உயிரோட இருக்கறவன் பட்டாணி தின்னுடா" என்றாள் வெர்னெல். காவலரே சிரித்துவிட்டார்.

காலையில் அவன் அவளிடம் ஒன்றுதான் கேட்டிருந்தான்: "அக்கா, நீ எங்க இருப்ப?" "சாட்சிங்க உக்கார்ற எடத்துல, கண்ணாடிக்கு இந்தப் பக்கம். நீ தலையத் திருப்பினா என் மூஞ்சிதான் தெரியும்" என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

சிறைவாசலில் காத்திருக்கும் குடும்பங்களுக்கு, தண்டனைக்குத் தடை என்றால் ஒரே அர்த்தம்: வீட்டுக்குப் போகலாம். முன்பு இரண்டு முறை கிடைத்த தடையும் வருடக்கணக்கில் நின்றிருந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்டாக்வெல் எங்களை மறித்தார்.

"இங்கயே பக்கத்துல இருங்க. அரசு வக்கீலுங்க வாஷிங்டனுக்கு மனு போட்டுட்டாங்க."

"போடட்டுமே. ஒம்போது பேரு பேசி, சண்ட போட்டு, எழுதி முடிக்க வருஷமாகும்."

"இதுக்குப் பேசவே வேணாம் வெர்னெல். அஞ்சு பேர் சரின்னா போதும். ஒரு வரி."

அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி. நாளைக்கு சர்ச்சுல நன்றி சொல்ல நிக்கப்போறோம். இந்தத் தலையோடயா வருவ? பருந்துக்கூடு மாதிரி இருக்கு."

போன் வந்தபின் நான் வண்டியை விரட்டினேன். நாங்கள் வழியில் இருந்தபோது, தண்டனையைப் பார்க்கும் சாட்சி அறைக்குள் தான் போவதற்கு முன் ஸ்டாக்வெல் மறுபடி அழைத்தார். நான்கு நீதிபதிகள் வழக்கைக் கேட்க வேண்டும் என்கிறார்கள், கேட்பதற்கு நான்கு பேர் போதும், ஆனால் அதுவரை ஆளை உயிரோடு வைத்திருக்க ஐந்து பேர் வேண்டும் என்றார்.

வெர்னெல் போனுக்குள் கத்தினாள். "செத்தவன் கேஸ எவன்யா கேப்பான்? அந்த ஒருத்தன் யாரு? அஞ்சாவது ஆளு யாருய்யா?"

அவர் வைத்துவிட்டார்.

வாசலை அடைந்தபோது ஏழு மணி தாண்டியிருந்தது. கம்பிக் கதவருகே நின்ற காவலர் தொப்பியைக் கழற்றினார்.

"முடிஞ்சிடுச்சும்மா."

வெர்னெல் திரும்பினாள். பக்கத்தில் நின்ற சிறை வேனின் கண்ணாடியில் வலது கையால் குத்தினாள். முதல் குத்தில் விரிசல் விட்டது. இரண்டாவதில் கை முழங்கை வரை உள்ளே போனது. வெளியே இழுத்து, கிழிந்த அந்தக் கையாலேயே மறுபடி குத்தினாள். மூன்று காவலர்கள் அவளைச் சரளைக்கல் தரையில் குப்புறத் தள்ளினார்கள். ஒருவர் முழங்கால் அவள் முதுகில். கல் அவள் கன்னத்தைக் கிழித்தது. ரத்தம் என் செருப்பு வரை வந்தது.

"விடுங்கடா! அவன் என்னத் தேடுவான்டா!"

ஸ்டாக்வெல் வெளியே வந்தபோது அவள் ஆம்புலன்சின் பின்படியில் உட்கார்ந்திருந்தாள். மறைக்காமல் சொல்லச் சொன்னாள். சொன்னார். விஷ ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு கைகளிலும் குத்தினார்கள், பிறகு கணுக்காலில், பிறகு தொடையிடுக்கில். திரைக்குப் பின்னாலிருந்து அவன் அலறியது சாட்சி அறை வரை கேட்டது. திரை விலகியதும் கோர்டெல் தலையைத் திருப்பி நாற்காலிகளைப் பார்த்தான். கடைசியாகச் சொல்ல ஏதாவது உண்டா என்று மைக்கை நீட்டினார்கள். "அக்கா வந்துட்டாளா?" என்றான்.

வாஷிங்டனிலிருந்து வந்த உத்தரவு ஒரே வரிதான். காரணம் எழுதவில்லை. எதிர்த்த நான்கு பேர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். மருத்துவமனையில் அதை என்னைப் படிக்கச் சொல்லி முழுவதும் கேட்டாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க" என்றாள். "அந்த அஞ்சாவது ஆளுக்குப் புரியற மாதிரி எழுதலையே."

கையைத் தைத்தார்கள். அறுந்த நரம்புகள் சேரவில்லை. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் அதன்பின் மடங்கவே இல்லை. மிச்ச வருடங்களில் வேறொருத்தியின் அழகு நிலையத்தில் வெட்டிய முடியைக் கூட்டினாள். அவள் கடைசியாகப் பின்னிய தலை என்னுடையது. இடப்பக்கத்துக்கு வகிடு மட்டும் எடுத்திருந்தாள். அதை அவள் பின்னவில்லை.