கிளிக்குச் சுரங்கத்தில் என்ன வேலை?

நான் ஆங்கில இலக்கியம் படித்ததில் ஒரு கிளிக்குப் பங்குண்டு.

தங்கவயல் கல்லூரியில் அன்று நேர்முகத் தேர்வு. தேறாவிட்டால் அப்பாவோடு நந்திதுர்க் சுரங்கத்தில் இறங்க வேண்டியதுதான். ஜன்னலுக்கு வெளியே சாரலில் ஊரே பாதி கரைந்திருந்தது.

பெங்களூரிலிருந்து வந்திருந்த மேடம் ஆங்கிலக் கதையொன்றை வாசிக்கச் சொன்னார். என் உச்சரிப்பில் அதிலிருந்த கிளி பலமுறை செத்துப் பிழைத்தது.

"கேஜ் கதவைச் சாத்தினதும் கிளிக்கு எப்படி இருந்திருக்கும்?"

"சந்தோஷமா, மேடம்."

"என்னப்பா சொல்றே?"

"கேஜ் கதவு சாத்திட்டாங்கன்னா ஷிப்டு முடிஞ்சிச்சி, மேல வந்து வீட்டுக்குப் போலாம். எங்கப்பா அப்பிடித்தான் சொல்வாரு."

எங்கள் ஊரில் கேஜ் என்றால் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக்கூண்டு. கிளிக்கு அங்கே என்ன வேலை என்று நான் யோசிக்கவேயில்லை.

மேடம் சிரிக்கவில்லை. சாரலுக்குள் மங்கலாகச் சுழன்ற, கேஜை ஏற்றி இறக்கும் சுரங்கச் சக்கரத்தைப் பார்த்தார்.

"இப்ப கேஜ் ஏறுதா, இறங்குதா?"

"ஏறுது, மேடம்."

அது நிற்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எத்தனை பேர் கண்கூசி வெளியே வந்தார்களோ!

"விடை தப்பு," என்றார். "நாளைக்கே வந்து சேர்ந்துக்கோ."

பிறகு எத்தனையோ புத்தகங்களை முறையாகப் புரிந்துகொண்டேன். அந்தக் கிளியை மட்டும் இன்றுவரை தப்பாகவே புரிந்துவைத்திருக்கிறேன். திருத்திக்கொள்ள மனம் வரவில்லை.