பெரட்டுக்கு வந்தவர்கள்

இந்த அமெரிக்காவில் பிள்ளைகள் வன்முறையை வாசிப்பதற்கு முன்னால் பள்ளிக்கூடம் பெற்றோரிடம் அனுமதி கேட்கிறது. சென்ற மாதம் என் மகள் தர்ஷினியின் பள்ளியிலிருந்து தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. அடுத்த பாடத்தில் கொலையும் தீவைப்பும் வரும், உங்கள் பிள்ளை படிக்கலாமா? பதுளையிலிருந்து இதை வாசிக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். சமையலறையில் நின்றபடியே சம்மதம் என்று அழுத்தினேன்.  அங்கே இலங்கையில், லுணுகலைப் பள்ளியில் பல வருடம் படிப்பித்தவள் நான். ஒரு பாடத்துக்குப் பயந்தது அதுதான் முதல் தடவை.

பாடம், அமெரிக்க இலக்கியத்தின் தொடக்கம். கடல் கடந்து வந்த பியூரிட்டன்கள் பிரசங்கமும் நாட்குறிப்பும் எழுதினார்கள். அலங்காரமில்லாத அந்த நடைக்கு ‘பிளெயின் ஸ்டைல்’ என்று பெயர். பகுத்தறிவுக் காலமும் ரொமாண்டிசிசமும் பிறகுதான். அந்த முதல் காலத்தில் மக்கள் விரும்பி வாசித்தது ‘கேப்டிவிட்டி நேரேட்டிவ்’. பூர்வகுடிகள் ஊரைத் தாக்கி, ஆட்களைக் கொன்று, ஒரு பெண்ணைப் பிடித்துப் போவார்கள். அவள் மீண்டு வந்து எழுதுவாள். தாக்கியவர்கள் காட்டுமிராண்டிகள், மீட்டவர் கடவுள். அந்த அச்சில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு குடும்பக் கதை எழுதி, வகுப்பில் பெற்றோர் முன்னால் வாசிக்க வேண்டும்.

“அம்மா, தாத்தாவை எப்படிக் கொன்னாங்க?” என்று கேட்டாள் தர்ஷினி, சோற்றைப் பிசைந்துகொண்டே. சொன்னேன்.

எங்கள் லயம், தொழிலாளருக்கான வரிசை வீடுகள், ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு சிறு தேயிலைத் தோட்டத்தில் இருந்தது. காலையில் ஆட்களைக் கூட்டி வேலைக்குப் பிரித்து விடுவதற்குப் பெரட்டு என்று பெயர். தப்பு என்கிற பறையை அடித்துத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் தாளம் கேட்டதும் குடித்த தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவது எங்கள் உடம்பில் ஊறிய பழக்கம். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரம், அந்த வாரம் பதுளையில் தமிழர் கடைகள் எரிந்துகொண்டிருந்தன. வேலை இல்லை, யாரும் வெளியே வரக் கூடாது என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லியனுப்பியிருந்தார். ஆனால் ஒரு நாள் காலையில் தப்புச் சத்தம் கேட்டது.

“பெரட்டு அடிக்குது புள்ள. தொர வேலைய தொறந்துட்டாரு போல” என்றார் அப்பா.

“போகாதீங்க. மனசு சரியில்ல” என்றாள் அம்மா.

“உன் மனசு என்னிக்குத்தான் சரியா இருந்துச்சு?”

கம்பளியைப் போர்த்திக்கொண்டு இறங்கினார். எல்லா லயத்திலிருந்தும் ஆண்கள் இறங்கினார்கள். அம்மா மட்டும் சந்தேகப்பட்டு, சிறுமியான என்னை இழுத்துக்கொண்டு, களம் தெரியும் பின்பக்கத் தேயிலைக்குள் புகுந்தாள். கொல்ல வந்தவர்கள் யாரையும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஆண்கள் பெரட்டுக் களத்தில் வரிசையாகவே நின்றார்கள். களத்து ஓரக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து அவர்கள் கத்தியும் இரும்புக் கம்பியுமாக வந்தார்கள். முதல் வெட்டு அப்பாவின் தோளில் விழுந்தது. கம்பளியோடு சேர்ந்து சதை தொங்கியது. அவர் விழவில்லை. மறு கையால் தலையை மறைத்தார். அந்தக் கையையும் வெட்டினார்கள். கம்பி மண்டையில் இறங்கிய சத்தம் செடிக்கடியில் கிடந்த எனக்குக் கேட்டது. அம்மா என் வாயைப் பொத்தியிருந்தாள். காதைப் பொத்த அவளுக்குக் கை மிச்சமில்லை. பிறகு லயங்களுக்கு நெருப்பு வைத்தார்கள். அவ்வளவு நேரமும் தப்படித்தவன் தாளம் தவறாமல் அடித்துக்கொண்டிருந்தான்.

தர்ஷினி எழுதியதைப் படித்தேன். ‘காட்டுமிராண்டிகள் மலையிலிருந்து இறங்கினார்கள்’ என்று தொடங்கி, ‘ஆண்டவர் என் தாயைக் காத்தார்’ என்று முடிந்தது.

“யாருடி காப்பாத்துனது? அவனுங்க எங்கள பாக்கல, அவ்வளவுதான்.”

“இந்தக் கதை ஜானரே அப்படித்தாம்மா. கடைசில கடவுள் வரணும்.”

“ஒங்க தாத்தாவுக்கு வரலையே.”

ஆசிரியையைப் பார்க்கப் போனேன். பரிவானவர். இந்த வகைக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் குடியேறியவர்கள், உங்கள் குடும்பமும் அப்படியா என்று கேட்டார். இந்தியாவிலிருந்து வெள்ளைக்காரர் இலங்கையில் கொண்டுபோய் இறக்கியவர்கள் என்றேன். சுதந்திரம் தேடியா என்றார். தேயிலைக்கு என்றேன். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். காரில் வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வெட்டியவர்களும் அதைச் சொல்லித்தானே வெட்டினார்கள், வந்தவர்கள் நீங்கள், திரும்பிப் போங்கள் என்று. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை நட்டும் எங்களுக்கு அங்கே கைப்பிடி மண் சொந்தமில்லை. இங்கேயோ, ஒரு பூர்வகுடியின் பெயரைச் சுமக்கும் ஆற்றின் கரையில், எனக்கு வீடும் புல்வெளியும் சொந்தம். காட்டுமிராண்டி என்று அந்தக் கதைகளில் எழுதப்பட்டவர்களின் நிலம் இது. என் அப்பாவின் சாவைச் சொல்ல அந்தச் சொல்லை என் மகள் எடுக்கக் கூடாது.

“அப்ப அவங்கள என்னன்னு எழுதுறது?” என்றாள் தர்ஷினி.

“தெரிஞ்சவங்கன்னு எழுது. நம்ம பெரட்டுத் தாளம் வெளியூர்க்காரனுக்கு வராது.”

 அவள் காட்டுமிராண்டிகளை அழித்தாள். கடவுளையும் அழித்தாள்.

வாசிக்கும் நாளில் நான் கடைசி வரிசையில் இருந்தேன். மகளின் குரலில் என் அப்பா லயத்திலிருந்து இறங்கினார். தாத்தாவைக் கூப்பிட்டது இந்தச் சத்தம்தான் என்று சொல்லி, ஆசிரியையின் மேசையில் இரண்டு கைகளாலும் அந்தத் தாளத்தை ஓங்கி அடித்தாள்.

அடுத்த கணம் பிள்ளைகள் மேசைகளுக்கு அடியில் கிடந்தார்கள். துப்பாக்கியோடு ஒருவன் வந்தால் என்ன செய்வதென்று சின்ன வகுப்பிலிருந்தே இவர்களுக்குப் பயிற்சி. யாரும் யோசிக்கவில்லை. யாரோ விளக்கை அணைத்தார்கள். நானும் யோசிக்கவில்லை. எழுந்து கதவைத் திறந்து, பெரட்டுக்குப் போவதுபோல் வெளியே போய்க்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அரையிருட்டில் தர்ஷினி மட்டும் நடுவில் நின்றாள். அவள் முழங்கால்கள் தரையை நோக்கி மடங்கியிருந்தன. ஒரு கை என் பக்கம் நீண்டிருந்தது.