சர்தார் பாய் தோண்டாத குழி

மழைநீர்க் குழியை மூடுவதற்கு முன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுவிடுவார் சர்தார். "வந்து ஒரு தபா பாத்துடுங்க. அப்பறந்தான் மூடுவேன்." சோற்றில் கை வைத்திருந்தாலும் விடமாட்டார். அடியில் ஜல்லி கொட்டியதும் ஒருமுறை, மேலே மணல் பரப்பியதும் ஒருமுறை ஆள் வந்து எட்டிப் பார்த்தாக வேண்டும். இது என்ன கல்யாணப் பெண்ணா என்று கேட்டவர்கள் உண்டு. சர்தார் சிரிக்க மாட்டார்.

திருவண்ணாமலையில் பிளம்பர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மொபெட்டில் பிளாஸ்டிக் குழாயோடு கடப்பாரையையும் கட்டிக்கொண்டு போகிறவர் இவர் ஒருவர்தான். பசை காய்ந்து விரல் நுனிகள் வெள்ளை பூத்திருக்கும். "முன்ன மழை நின்னு பெய்யும். இப்ப ஒரே நாள்ல கொட்டிட்டு ஓடிடுது. ஓடறதப் புடிச்சு வெச்சாத்தான் கோடைக்கு ஆவும்" என்பார். இது எப்போது புரிந்தது என்று கேட்டால் மொபெட்டைக் கிளப்பிவிடுவார்.

இரண்டாயிரத்து மூன்றில், மழைநீர் சேகரிப்பு இல்லாத வீட்டுக்குக் குடிநீர் இணைப்பு இருக்காது என்று உத்தரவு வந்தது. கெடு நெருங்க நெருங்க ஊரே சர்தாரைத் தேடியது. பலர் கேட்டது குழாயை மட்டும்தான். நகராட்சியிலிருந்து பார்க்க வருகிறவர் கண்ணுக்குக் குழாய் தெரிந்தால் சரி, குழி யாருக்கு வேண்டும்? மாடியிலிருந்து குழாயை இறக்கித் தரையில் சொருகி, சுற்றிலும் சிமெண்டு பூசிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார் சர்தார்.

செங்கம் சாலையில் வெளியூர்க்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் வெள்ளையம்மாள் மட்டும் குழிதான் வேண்டும் என்றார். கிணற்றோரமாக, நல்ல ஆழமாக. சொல்லிவிட்டு ஒரு கல்யாணத்துக்காகக் கீழ்பென்னாத்தூர் போய்விட்டார். மண் கெட்டிச் சரளையாக இருந்தது. கடப்பாரை எகிறியது. மற்ற வீட்டுக்காரர்கள் வேறு அவசரப்படுத்தினார்கள். சர்தார் அங்கேயும் குழாயைச் சொருகி, மேலே சிமெண்டுப் பலகையைப் போட்டுப் பூசினார். திரும்பி வந்த அம்மாள் கேட்டபோது, நன்றாக ஆழமாகவே போட்டிருக்கிறேன் என்றார்.

அந்த வருஷம் பெய்த கொஞ்ச மழையும் தெருவோடு போயிற்று. அடுத்த கோடையில் கிணறு வற்றியது. தங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்ப, அறைகளுக்குப் பூட்டு விழுந்தது. ஒரு நாள் லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு நின்றிருந்தார் வெள்ளையம்மாள். அந்தப் பக்கமாக வந்த சர்தாரின் காதில் விழும்படியே ஒருத்தி கேட்டாள், குழி போட்டுமா உங்கள் கிணறு ஊறவில்லை என்று.

"பாய் நல்லாத்தான் போட்டுக் குடுத்தாரு. எனக்குத்தான் குடுப்பினை இல்ல" என்றார் அம்மாள்.

அன்று சர்தாருக்குச் சோறு இறங்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். மறுநாள் காலை கடப்பாரையோடு அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். குழியைச் சுத்தம் செய்ய வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் நினைத்து வந்திருந்தார். வெள்ளையம்மாளைப் பார்த்ததும் நேராகப் போய்ப் பலகையைப் பெயர்த்தார். கைபடாத சரளை மண்ணில் முட்டிக்கொண்டு நின்றது குழாய்.

"தோண்டலம்மா. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

வெள்ளையம்மாள் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெயில் ஏறறதுக்குள்ள தோண்டுங்க, பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதன்பின் குழாய் மட்டும் சொருகிய மற்ற வீடுகளுக்கும் கடப்பாரையோடு போனார் சர்தார். சிலர் தோண்ட விட்டார்கள். பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டுப் போயாயிற்று, இனி எதற்கு என்று சிலர் கதவைச் சாத்தினார்கள். அந்தத் தெருக்களுக்குள் நுழையாமல் இன்றும் சுற்றிக்கொண்டுதான் போகிறார்.

போன ஐப்பசி மழையில் வெள்ளையம்மாளின் கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்தது. அக்கம்பக்கத்தார் அங்கேதான் மொள்கிறார்கள். சர்தார் ஒரு குழாயை மாற்றப் போயிருந்த அன்று, தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணொருத்தி தண்ணீர் எடுக்க வந்தாள். தன் வீட்டிலும் இப்படி ஒரு குழி வேண்டும், இது எப்போது போட்டது என்று விசாரித்தாள்.

வெள்ளையம்மாள் சர்தாரின் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "உத்தரவு வந்தப்பவே. பாய் அன்னிக்கே நல்லா போட்டுக் குடுத்துட்டாரு."

சர்தார் சாமான் பையைத் திறந்தார். ரெஞ்சை எடுத்துத் துடைத்து உள்ளே வைத்தார். ரம்பத்தை எடுத்துத் துடைத்தார். பிறகு அதே ரெஞ்சை மறுபடி எடுத்துத் துடைத்தார். அந்தப் பெண் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வாசலைத் தாண்டும்வரை அவர் பையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.