பிக்கப் வண்டிக்குக் கட்டிய கயிறு

என் மேசை இழுப்பறையில் ஒரு சாண் நீளக் கயிறு கிடக்கிறது. நடுவில் இறுகிப்போன ஒரு முடிச்சு, இரண்டு நுனியும் கத்தியால் அறுத்தது. கிறிஸ்துமஸுக்கு வீட்டை ஒழுங்குபடுத்தும்போதெல்லாம் என் மருமகள் அதைக் கையில் தூக்கிப் பிடித்து என் முகத்தைப் பார்ப்பாள். நான் முறைப்பேன். கயிறு மறுபடியும் உள்ளே போய்விடும். அதில் இன்னும் லேசாக மீனெண்ணெய் வாடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மருமகள் அப்படி எதுவும் இல்லை என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்!

அது என் அத்தான் கட்டிய கயிறு. அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர், தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். முங்குகிறவன் இடுப்பில் கயிற்றின் ஒரு முனை இருக்கும், வள்ளத்தில் நிற்பவன் கையில் மறுமுனை. அந்த மறுமுனையை மனைவியின் உடன்பிறந்தவனிடம்தான் கொடுப்பார்கள். அக்காள் தாலி தன் கையில் இருக்கிறது என்கிற பயத்தில் அவன் கண் அசர மாட்டான் என்று ஒரு நம்பிக்கை. அத்தானுக்கு வாய்த்த ஒரே மச்சினன் நான். நானோ முதல் நாளே வள்ளத்தில் குடலைக் கக்கிவிட்டு, அந்த வாரமே துறைமுகத்தில் எழுத்தர் வேலைக்கு மனுப்போட்டவன்.

அதனால் கூலிக்கு ஒருவன் கயிறு பிடித்தான். ஒருநாள் ஆழத்தில் அத்தானுக்கு வலது காது கிழிந்துவிட்டது. தூக்கச் சொல்லிக் கயிற்றை நீளமாக இழுத்திருக்கிறார். மேலே நின்றவன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தானாம். பாதி உயிரோடு வந்து சேர்ந்தார். வலது காது செத்தது, இடது காதில் கத்தினால் கொஞ்சம் விழும். ‘‘நீ பிடிச்சிருந்தா இப்படி ஆகியிருக்குமாலே?’’ என்று அக்கா ஒரே ஒரு முறை கேட்டாள். அந்த ஒரு முறை எனக்கு ஆயுசுக்கும் போதும்.

அத்தான் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டி ஒரு பழைய பெட்ரோல் பிக்கப் வாங்கினார். கடற்கரைக்கு ஐஸ் ஏற்றிப்போய், அங்கிருந்து மீன் ஏற்றிவரும் வேலை. ஓட்டுவதற்கு ஒரு டிரைவர். பழுது பார்ப்பது மட்டும் அத்தானே. சத்தம் கேட்காதவர் எப்படி இன்ஜின் பார்ப்பார் என்று எல்லோரும் சிரித்தார்கள். அவர் ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற இன்ஜின்மேல் ஊன்றி, கைப்பிடியைப் பல்லால் கடித்துக்கொள்வார். அதிர்வு பல் வழியாக மண்டைக்குள் ஏறுமாம். ‘‘காது போனா என்னலே, பல்லு இருக்குல்லா’’ என்பார்.

எழுபதுகளின் நடுவில், பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறிய பிறகு, அந்த டிரைவர் பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியிருக்கிறான். வண்டி கரும்புகையாகக் கக்க ஆரம்பித்தது. வருசத்துக்கு ஒரு தடவை, வண்டி ஓடத் தகுதியானது என்று எப்.சி. சான்றிதழ் வாங்கியாக வேண்டும். வண்டியைச் சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் புகையைப் பார்த்து இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார். டிரைவரும் வேறு வண்டிக்கு ஓடிவிட்டான். எப்.சி. இல்லாமல் வண்டி ரோட்டில் இறங்க முடியாது. அத்தான் என்னைக் கூப்பிட்டுச் சாதாரணமாகத்தான் சொன்னார். ‘‘மச்சினா, இந்தத் தடவையும் ஆகலன்னா நான் மறுபடி வள்ளம் ஏறிருதேன். கயிறு பிடிக்க நீ வாரியாலே?’’

அக்கா அடுப்படியிலிருந்து வந்து, அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில் பக்கத்திலேயே நின்று சொன்னாள். ‘‘அந்தக் காத வச்சிக்கிட்டு இன்னொரு தடவ முங்குனாருன்னா ஏறமாட்டாருலே. எப்படியாவது அந்த வண்டிய பாஸ் பண்ண வை. மாதாவுக்கு மெழுகுதிரி நேந்திருக்கேன்.’’

நான் லீவு போட்டேன். டிரைவிங் லைசென்ஸ் என்னிடம் இருந்தது. அத்தான் தொட்டியைக் காலிசெய்து சுத்தமான பெட்ரோல் ஊற்றினார். கார்புரேட்டரைக் கழற்றி ஒவ்வொரு துளையையும் வாயால் ஊதினார். முங்குகிறவர் மூச்சு அல்லவா, உள்ளே இருந்த கசடு தெறித்து என் சட்டையில் விழுந்தது. ஆனால் காற்றும் பெட்ரோலும் சரியாகக் கலக்கும்படி திருகாணியைத் திருகி வைக்க, இன்ஜின் ஓடும்போது ஒருவர் ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும். பானெட்டைத் தூக்கிவிட்டால் அவர் எனக்குத் தெரியமாட்டார், நான் கத்துவது அவருக்குக் கேட்காது. அப்போதுதான் வீட்டுக்குள் போய் அந்தக் கயிற்றை எடுத்துவந்தார். ஒரு முனையை என் இடது மணிக்கட்டில் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டார்.

‘‘ஒரு இழுப்புன்னா மிதி. ரெண்டுன்னா விடு.’’

‘‘நீள இழுப்புன்னா?’’ என்று அவர் இடது காதில் கத்தினேன்.

‘‘அது கடலுக்கு உள்ளது. இங்கன எதுக்கு?’’

மத்தியானம் முழுவதும் அப்படியே மிதித்தேன், விட்டேன். சாயங்காலம் இன்ஜின் பூனை உறங்குவதுபோல மெல்ல ஓடியது, புகை இல்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மறுநாள் காலையில் வண்டியில் ஏறினால் குப்பென்று மீனெண்ணெய் நாற்றம். எங்கள் பக்கத்தில் வள்ளத்தைக் கடலில் இறக்குமுன் உப்பு அரிக்காமல் இருக்க மீனெண்ணெய் பூசுவார்கள். நல்ல காரியத்துக்குப் போகிற வண்டியாயிற்றே என்று மனிதர் விடியற்காலையிலேயே அடிமுதல் நுனிவரை பூசியிருக்கிறார். பூசியதோடு நில்லாமல் சைலன்சர் குழாயையும் விடவில்லை! எனக்கு அது அப்போது தெரியாது. சோதனை மைதானத்தில் இன்ஸ்பெக்டர் வந்து நிற்கிற நேரத்தில் குழாய் நன்றாகச் சூடேறிவிட்டது. வண்டிக்குக் கீழேயிருந்து வெள்ளைப் புகை மேகமாக எழுந்தது. அந்த நாற்றத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

‘‘என்னய்யா இது, வண்டியா மீன் வறுக்கிற சட்டியா? கொண்டு போங்க!’’ என்று இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்தினார்.

அத்தானுக்கு ஒன்றும் கேட்கவில்லை. முந்தின நாள் போலவே கயிற்றை என் மணிக்கட்டிலும் தன் இடுப்பிலும் கட்டி, பானெட்டைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவரைக் கடித்துக்கொண்டு நின்றார். நான் ஆபீசில் மேலதிகாரி முன்னால் வாய் திறக்காதவன். அன்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினேன். ‘‘சார், புகை குழாய் வாயிலயிருந்து வரல. குழாய்க்கு மேல பூசின எண்ணெய் எரியுது. அது எரிஞ்சு தீருத மட்டும் பொறுங்க சார். இந்த வண்டி நின்னுச்சுன்னா அந்த மனுசன் கடலுக்குப் போயிருவாரு.’’

இன்ஸ்பெக்டர் என் மணிக்கட்டைப் பார்த்தார். கயிறு போகிற வழியே பார்த்து, அது முடிகிற இடுப்பைப் பார்த்தார். ‘‘அந்த ரெண்டு லாரியை முடிச்சிட்டு வாரேன். அதுக்குள்ள தெளியலைன்னா போயிரணும்’’ என்றார்.

ஒரு இழுப்பு, மிதித்தேன். இரண்டு, விட்டேன். வியர்வை கண்ணில் இறங்கியது. கண்ணாடியில் புகையையே பார்த்துக்கொண்டு தெரிந்த செபத்தையெல்லாம் சொன்னேன். முதல் லாரி போயிற்று. புகை குறைந்தது. இரண்டாவது லாரி நகரும்போது குழாய் வெறும் இரும்பாகக் கிடந்தது. இன்ஸ்பெக்டர் வந்து தன் வெள்ளைக் கைக்குட்டையைக் குழாய் வாயில் பிடித்தார். விரித்துப் பார்த்தார், கரி இல்லை. அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அத்தானைப் பார்த்துத் தலையசைத்தார்.

அடுத்த நொடி என் மணிக்கட்டு வெடுக்கென்று இழுபட்டது. ஒன்றல்ல, இரண்டல்ல. நீள இழுப்பு. விடாத இழுப்பு.

நான் யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் கயிற்றைப் பற்றி இழுத்தேன், இழுத்துக்கொண்டே இருந்தேன். பானெட்டைச் சுற்றிக்கொண்டு அத்தான் ஜன்னலருகே வந்து சேர்ந்தார். முகமெல்லாம் கரி, கண்ணெல்லாம் தண்ணீர். ‘‘சட்டுன்னு தூக்கிட்டியே மச்சினா’’ என்றார். நான் ஓவென்று அழுதுவிட்டேன். முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை, கத்தியால்தான் அறுத்தார். அதன்பிறகு அவர் ஒருநாளும் முங்கவில்லை. வயதாகி, அக்கா பக்கத்தில் இருக்க, தன் கட்டிலில்தான் கண்ணை மூடினார்.

போன வாரம் என் காருக்குப் புகைச் சான்றிதழ் வாங்கப் பெட்ரோல் பங்குக்குப் போனேன். ஒரு பையன் குழாய்க்குள் கம்பியைச் செருகிவிட்டு மிதிக்கச் சொன்னான். மிதித்தேன். ‘‘போதும் சார், காலை எடுங்க’’ என்றான். எனக்குக் கேட்டது. ஆனாலும் காலை எடுக்கவில்லை. ‘‘சார், போதும்!’’ என்று அவன் கத்தினான். நான் இடது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு, இரண்டு இழுப்புக்காகக் காத்திருந்தேன்.