கால் மணி நேரத் தொலைவு

பஹ்ரைனின் முஹர்ரக் மீன் சந்தையில் நெடுங்காலம் மீன் விற்றவர் கல்ஃபான். பள்ளி வாத்தியாரான எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். மனைவி இறந்தபின் ஒரே மகள் மோஸாவைத் தாமே சமைத்துப் போட்டு வளர்த்தார்.

அவளைப் பெண் கேட்டு இரண்டு இடங்களிலிருந்து வந்தார்கள். குவைத்து மாப்பிள்ளை பொறியாளர். தோஹா மாப்பிள்ளை துறைமுகத்தில் எழுத்தர். பஹ்ரைனிலிருந்து குவைத்துக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். தோஹாவுக்கு முக்கால் மணி. கல்ஃபான் எழுத்தரையே தேர்ந்தார். கால் மணி நேரத்துக்காகப் பொறியாளரை விட்டவர் என்று சந்தையே அவரைக் கேலி செய்தது.

“சிரிங்கடா. உங்க மகளுங்க அடுத்த தெருவுல இருந்துக்கிட்டு பெருநாளைக்குப் பெருநாள்தான் எட்டிப் பாக்குறாளுக. எம்மவ மாசா மாசம் கடல் தாண்டி வந்து சோறு திம்பா, பாருங்க.”

சொன்னபடியே அவள் வந்தாள். தோஹாவில் விமானம் ஏறியதும் தொலைபேசியில் அழைப்பாள். அவர் பேரீச்சம்பாகு சேர்த்த சோற்றை அடுப்பில் ஏற்றுவார். எங்கள் மாடிகளுக்கு மேலே விமானம் இறங்கும் ஓசை கேட்டதும் ஓரா மீனை எண்ணெயில் இடுவார். மோஸா வாசலில் செருப்பைக் கழற்றும்போது மீன் தட்டில் இருக்கும். விமானத்தில் கொடுத்த பழச்சாற்றைக் குடிக்க நேரமின்றிக் கையோடு கொண்டுவந்திருப்பாள்.

இரண்டாயிரத்துப் பதினேழாம் ஆண்டு நோன்பு மாதத்தில் அரசுகளின் பகையால் பஹ்ரைனுக்கும் தோஹாவுக்கும் இடையே வான்வழி அடைபட்டது. அதன்பின் குவைத்துக்குப் போய், அங்கே காத்திருந்து, வேறு விமானம் பிடித்து வர வேண்டியதாயிற்று. மோஸா அவ்வாறு ஒருமுறை வந்தாள். விடியலில் கிளம்பியவள் வந்து சேர்கையில் அந்தி சாய்ந்துவிட்டது. கைக்குழந்தை வாந்தி எடுத்துத் துவண்டிருந்தது. கல்ஃபான் மீனை இரண்டாம் முறை சூடாக்கிப் பரிமாறினார். விடைபெறும்போது, இனி இப்படி அலைய வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மறு ஆண்டு அவருடைய இதயம் தளர்ந்தது. மகளிடம் சொல்லக் கூடாது என்று எங்களைத் தடுத்தார். மருத்துவர் கைவிரித்த அன்று நான் அவளுக்குச் சொன்னேன். மறுநாள் காலை, விமானம் ஏறிவிட்டதாக அழைத்தாள். கேட்டதும் கல்ஃபானின் முகம் தெளிந்தது.

“வாத்தியாரே, அரிசிய அடுப்புல போடுங்க. மீனக் கழுவி வைங்க. சத்தம் கேட்டதும் எண்ணெயில விடணும்.”

வான்வழி அடைபட்டிருப்பது அவர் நினைவில் இல்லை. நான் மறுத்துப் பேசாமல் சோறு ஆக்கினேன். முக்கால் மணி கழிந்தது. ஒரு விமானம் இறங்கியது; வாசலைப் பார்த்தார். இன்னொன்று இறங்கியது, மறுபடியும் பார்த்தார். நண்பகல் பாங்கு ஒலித்தபோது என் பக்கம் திரும்பினார்.

“எங்க இருக்கா?”

“குவைத்துல. அடுத்த ஃபிளைட்டு சாயங்காலந்தான்.”

அவர் உதடு கோணச் சிரித்தார்.

“அந்தக் குவைத்துக்காரனுக்கே குடுத்திருக்கலாம் வாத்தியாரே. இந்நேரம் வந்திருப்பா.”

பிற்பகல் தொழுகைக்கு முன்னரே அவர் உயிர் பிரிந்தது. மோஸாவுக்காக அடக்கத்தை அந்தித் தொழுகையான மஃரிப் வரை தள்ளிவைத்தோம். குவைத்தில் விமானம் தாமதமாயிற்று. அதற்குமேல் தள்ள ஊரார் இசையவில்லை.

அடக்கம் முடித்து நாங்கள் திரும்பியபோது, அவள் அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள். அடுப்படியில் சோறு ஆறிக் கட்டிபட்டிருந்தது. கழுவிய மீன் தட்டில் கிடந்தது.

“வாப்பா எனக்குன்னு ஆக்கச் சொன்னாரா?”

ஆம் என்றேன். அவள் தரையில் அமர்ந்து, மீனில்லாமல், அந்தச் சோற்றைப் பருக்கை மிச்சமின்றித் தின்று முடித்தாள்.